ஒரு நூல் பிசகாத அளவுகோல்

கரும்பலகைக்கு மேலே இரண்டு ஆணிகளின்மீது இருபத்திரண்டு ஆண்டுகளாகப் படுத்துக்கிடந்த அளவுகோலைக் கணக்கு ஆசிரியை நாற்காலியின்மேல் ஏறி நின்று கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு முனை ஆணியைவிட்டு வந்துவிட்டது. மறுமுனை வர மறுத்தது. மேசைமேல் கிடந்த கைப்பேசி அப்போதுதான் அடிக்கத் தொடங்கியது.

"டீச்சரம்மா, போன்," என்றார் வாசலில் நின்ற வண்டிக்காரர்.

"அடிக்கட்டும். கை ஒழியல."

"ரெண்டாவது வாட்டி அடிக்குது."

"விடாம அடிச்சா எங்க அம்மாதான். டிவி ரிமோட்டைக் காணோம்னு கேப்பாங்க."

அறையை நண்பகலுக்குள் காலி செய்து கொடுத்தாக வேண்டும். மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டமையால் இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கி, எஞ்சிய அறையைக் கணினிகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். எஞ்சிய ஆசிரியையை ஊரின் மறுகோடியிலுள்ள வேறொரு பள்ளிக்கு ஒதுக்கியிருந்தார்கள். புதுப் பள்ளியில் அவளுக்கெனத் தனி அறை கிடையாது. 'ஒரு மீட்டர் அகலமுள்ள பொது அலமாரியில் தங்களுக்கு இரண்டு தட்டுகள் வழங்கப்படும்' என்று கடிதம் வந்திருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளை இரண்டு தட்டுகளால் வகுத்தால் தட்டுக்குப் பதினோர் ஆண்டு, மீதியில்லை. கணக்கு சரியாகத்தான் வந்தது. பொருள்கள்தாம் அடங்கவில்லை.

ஆகவே அவள் தரையில் மூன்று குவியல்களை அமைத்து, 'வரும்', 'வராது', 'பார்க்கலாம்' என்று சீட்டு எழுதி வைத்திருந்தாள். 'வரும்' குவியலில் ஒரு பெட்டி சாக்பீசும் இரண்டு மூலைமட்டங்களும் இருந்தன. 'வராது' குவியலில் ஒரு துடைப்பம் இருந்தது. அதுவும் பள்ளிக்குச் சொந்தமானது. மற்றவை யாவும் 'பார்க்கலாம்' என்ற சீட்டைப் புதைத்துவிட்டு மலைபோல் எழுந்திருந்தன. அட்டையில் செய்த நாற்பத்தொரு கூம்புகள், புள்ளிகள் தேய்ந்துபோன பகடைகள் ஒரு பை, ஒரு கால் ஒடிந்த கவராயம், வகுப்பில் வைத்திருந்த குற்றத்துக்காகப் பறிமுதலாகி எவரும் திரும்பக் கேட்க வராத பம்பரங்கள், ஒரு பொய்மீசை.

அளவுகோலுக்கு மட்டும் எந்தக் குவியலிலும் இடமில்லை. காலையில் பள்ளிக்கு வரும் வழியில் பெற்றோர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தபோது, அப்பா படுக்கையில் சாய்ந்தவாறு கேட்டதும் அதைப் பற்றித்தான்.

"புது எடத்துல என் ஸ்கேலுக்கு எடம் இருக்கா?"

"ஒரு மீட்டர் அலமாரிப்பா. பார்க்கலாம்."

"ஒரு மீட்டர் அலமாரியில ஒரு மீட்டர் ஸ்கேல் போகாதா? என்ன கணக்கு டீச்சர் நீ?"

"பலகைக்குக் கனம் இருக்கேப்பா. உள்ளளவு குறையும்."

அப்பா அதைச் சற்று நேரம் எண்ணிப் பார்த்தார். பிறகு, "அப்ப அலமாரி செஞ்சவன் அளவு சரியில்ல," என்று தீர்ப்புக் கூறிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

கைப்பேசி மூன்றாம் முறை அடித்தபோது, வண்டிக்காரரே அதை எடுத்து வந்து அவளது காதருகே உயர்த்திப் பிடித்தார்.

"வேலை முடிஞ்சுதா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. ஸ்கேல் மேல நிக்குது. ஏன்?"

"ஒண்ணும் அவசரமில்ல. முடிச்சிட்டே வா."

அம்மா 'ஒண்ணும் அவசரமில்ல' என்று சொல்வதற்காக மூன்று முறை தொலைபேசியில் அழைத்ததில்லை. ஆசிரியை அளவுகோலைப் பற்றியபடியே காத்திருந்தாள்.

"அப்பா காலையில சாஞ்சு படுத்தவர் எந்திரிக்கல. டாக்டர் வந்து பார்த்துட்டுப் போய்ட்டார். சித்தப்பா இருக்கார். நீ பதறாம எறங்கி வா."

தான் நாற்காலியின்மேல் நிற்பது அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் வியந்தாள். இறங்க வேண்டும் என்பதோ அவளுக்குத் தோன்றவில்லை. மறுமுனை அப்போது தானாகவே ஆணியைவிட்டு நழுவி அவளது கைக்குள் வந்தது.

வண்டிக்காரர் கைப்பேசியை அவளது கைப்பைக்குள் போட்டார். மூன்று குவியல்களையும் வேறுபாடின்றி வாரி வண்டியில் ஏற்றினார், துடைப்பத்தையும் ஏற்றினார். அளவுகோல் எந்தப் பெட்டியிலும் அடங்காமையால் அதை அவளது மடியில் சாய்த்து வைத்து, முனையைச் சன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டார். வழியெல்லாம் பின்னால் வந்தவர்கள், இந்த வண்டி வலப்புறம் திரும்பப்போகிறது என்றெண்ணி வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தனர்.

அப்பா நாற்பதாண்டுகள் ஒரு துணிக்கடையில் துணி அளந்து கொடுத்தவர். "என் அளவு ஒரு நூல் பிசகாது" என்பதே அவரது பெயர், முகவரி, பட்டம் யாவும். மகளுக்கு ஆசிரியை வேலை கிடைத்த வாரம், வகுப்புக்கென்று நல்ல மரத்தில் ஓர் அளவுகோல் செய்யப்போவதாக அறிவித்தார். கடையின் முத்திரையிட்ட கோலை வீட்டுக்குக் கொண்டுவருவது முறையன்று என்பது அவரது கொள்கை. எனவே வீட்டிலிருந்த தையல் நாடாவை மரத்தின்மேல் விரித்து, பத்து, இருபது, முப்பது என்று நூறுவரை சிவப்புக் கோடுகளும் இடையிடையே கறுப்புப் புள்ளிகளும் இட்டார். நூறு வந்த இடத்தில் மரத்தை அறுத்தார்.

நாடாவின் நுனியில் முதல் இரண்டு சென்டிமீட்டர் இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

ஆகவே பத்திலிருந்து நூறுவரை அந்த அளவுகோல் அப்பழுக்கற்றது. தொடக்கத்திலிருந்து பத்துவரைதான் பத்துக்குப் பதில் எட்டே சென்டிமீட்டர் இருந்தது. சும்மா பார்த்தால் தெரியாது. ஐயத்தோடு பார்த்தால் தெரியும். அவள் முதல் நாளே பார்த்துவிட்டாள். மாலையில் வீடு திரும்பியபோது அப்பா வாசலிலேயே நின்று, "எப்படி?" என்றார். "ஒரு நூல் பிசகலப்பா," என்றாள் அவள். அதன்பின் திரும்பிப் போக வழியிருக்கவில்லை.

ஆயினும் குழந்தைகளுக்குப் பொய் அளவைக் கற்பிக்க அவளால் இயலாது. எனவே ஆண்டுதோறும் முதல் வாரம் அந்த அளவுகோலையே மாணவர்களிடம் கொடுத்து, "இதுல ஒரு தப்பு இருக்கு. கண்டுபிடிங்க," என்பாள். கண்டுபிடித்தபின், "கோலை எத்தனை தடவை வைக்கிறீங்களோ, அத்தனை ரெண்டைக் கழிச்சுக்கணும். இது நம்ம வகுப்புக்குள்ளயே இருக்கணும்," என்று சத்தியம் வாங்குவாள். பள்ளியில் பெற்றோர் வரும் நாளன்று அப்பாவும் தவறாமல் வந்து முன்வரிசையில் உட்காருவார். "புள்ளைங்களா, ஸ்கேல் எப்படி?" என்பார். நாற்பது குழந்தைகளும் ஒரே குரலில், "ஒரு நூல் பிசகாது தாத்தா!" என்பார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளில் அப்பா அதை ஒருமுறைகூட அளந்து பார்த்ததில்லை. தாம் செய்ததைத் தாமே அளப்பது தம்மைத் தாமே சந்தேகிப்பதாகும் என்பார்.

வாசலில் சித்தப்பா நின்றிருந்தார். எழுபத்து நான்கு வயது. ஐம்பத்தொரு வயதாகும் அவளை இன்னும் 'பாப்பா' என்று அழைக்க எஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தாம்.

"வந்துட்டியா பாப்பா? அண்ணன் போய்ட்டான் பாரு. இனிமே நான் யார்கூடச் சண்டை போடுறது?" என்றார். உடனே குரல் மாறி, "இது என்ன, வண்டி நிறைய அட்டைக் கூம்பு?" என்றார்.

சித்தப்பாவுக்கும் அப்பாவுக்கும் நாற்பது ஆண்டுகளாக ஒரே ஒரு சண்டைதான். சித்தப்பாவின் திருமணக் கால்சட்டைக்குத் துணி அளந்து கொடுத்தவர் அப்பா. திருமணத்தன்று அது கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. திருமணப் படத்தில் மணமகனின் முகத்தைவிடக் காலுறைகள் தெளிவாகத் தெரிகின்றன. "அண்ணன் துணியைக் குறைச்சு அளந்துட்டான்," என்பது சித்தப்பாவின் கட்சி. "துணி சரிதான், இவன் கால்தான் தையல் முடியறதுக்குள்ள வளர்ந்துடுச்சு," என்பது அப்பாவின் கட்சி. வழக்கு முடியவில்லை. இப்போது ஒரு தரப்பு விலகிவிட்டது.

அப்பா கட்டிலில் நேராகப் படுத்திருந்தார். தலைமாட்டில் அம்மா நாற்காலியில் அமர்ந்து, போர்வையின் ஓரத்தை ஒரே மாதிரி மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும், "சாப்டியா?" என்றாள். மகள் இல்லையென்று தலையசைத்தாள். அம்மாவும், நானும் இல்லை என்பதுபோல் தலையசைத்தாள். அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள்.

சற்று நேரத்தில் சவப்பெட்டி செய்பவர் வந்தார். முப்பத்துமூன்று வயதிருக்கும், காதில் பென்சில் செருகியிருந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தவர் ஆசிரியையைக் கண்டதும், சட்டைப் பொத்தான் ஒன்று திறந்திருந்ததைப் போட்டுக்கொண்டார்.

"டீச்சர்."

அவள் அவரது முகத்தை உற்றுப் பார்த்தாள். "மீதி! நீயாடா?"

வகுத்தல் கணக்கில் ஒவ்வொரு முறையும் மீதியை எழுத மறந்துவிட்டு மதிப்பெண் இழந்த மாணவன் அவன். வகுப்பே வைத்த பெயர் அது. மீதி தலைகுனிந்து, "ஆமா டீச்சர். தாத்தாவுக்குன்னு தெரிஞ்சதும் ஆள் அனுப்பாம நானே வந்தேன்," என்றான்.

அளவெடுக்க அவன் பையிலிருந்து ஒரு சிறு கருவியை எடுத்தான். பொத்தானை அழுத்தினால் ஒளி பாய்ந்து அளவு சொல்லும் புதுக் கருவி. அழுத்தினான். அப்பாவின் மூக்கு நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு எரிந்தது.

"முதல்ல அதை அணைப்பா," என்றாள் அம்மா.

"உயரம் பார்க்கத்தாம்மா…"

"பார்க்கலாம். அந்த வெளிச்சம் வேணாம். அவருக்குக் கூச்சமா இருக்கும்."

மீதி பதறி அணைத்தான். அணைந்த கருவி மீண்டும் உயிர்பெற மறுத்துவிட்டது. கடைக்குப் போய் நாடா எடுத்து வருவதாக அவன் எழுந்தபோது சித்தப்பாவுக்கு ஒரு யோசனை உதித்தது.

"எதுக்குக் கடைக்கு? அண்ணன் செஞ்ச ஸ்கேல் வண்டியிலயே இருக்கே! அண்ணனை அண்ணன் ஸ்கேலாலயே அளப்போம். அதுதான் மரியாதை."

ஆசிரியை வாய் திறப்பதற்குள் அவர் வண்டியருகே போய், அளவுகோலைக் கொடிபோல் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பிவிட்டார். அவள் மீதியைப் பார்த்தாள். மீதி அளவுகோலைப் பார்த்தான். அவனது முகத்தில் பதினொரு வயது ஒரு கணம் வந்து போயிற்று.

கட்டிலோரம் மண்டியிட்டு, தலைப்பக்கத்திலிருந்து அளவுகோலை வைத்தான் அவன். நூறு முடிந்த இடத்தில் விரலை ஊன்றி, கோலை நகர்த்தி, பாதம்வரை மீண்டும் வைத்தான். இரண்டு தடவை. எழுபத்தைந்தின் புள்ளிக்குச் சற்று முன்னால் அப்பாவின் குதிகால் இருந்தது.

"நூத்தி எழுபத்தி நாலு," என்று உரக்கச் சொல்லிவிட்டுக் குறிப்பேட்டில் எழுதினான்.

கட்டிலருகே சிறு மேசையில் மருத்துவரின் அட்டை கிடந்தது. சென்ற மாதம்தான் உயரம் நூற்றெழுபது என்று அதில் எழுதியிருந்தார்கள். ஆசிரியை ஓசைப்படாமல் அட்டையைக் கவிழ்த்து அதன்மேல் தண்ணீர்க் குவளையை வைத்தாள்.

"எவ்வளவு?" என்றார் சித்தப்பா.

"நூத்தி எழுபத்தி நாலு ஐயா."

"இருக்கவே இருக்காது! நல்லாப் பாருப்பா. நானே நூத்தி எழுபத்திரண்டு. லைசென்ஸ்லயே போட்டிருக்கு. சின்ன வயசிலேருந்து நான்தான் உசரம். அண்ணன் என்னைவிட ரெண்டு சென்டிமீட்டர் கட்டை. ஊருக்கே தெரியும்."

"ஸ்கேல் அப்படித்தான் காட்டுது ஐயா."

சித்தப்பாவின் பார்வை அளவுகோலின்மீது மெல்ல இறங்கியது. துயரத்தால் கலங்கியிருந்த கண்களில் நாற்பதாண்டுக் காலக் கால்சட்டை ஒன்று காற்றில் ஆடியது.

"அப்படின்னா இந்த ஸ்கேல்ல ஏதோ கோளாறு இருக்கு."

அம்மாவின் விரல்கள் போர்வையை மடிப்பதை நிறுத்திவிட்டன.

"தம்பி, அவரைப் படுக்கப் போட்டுட்டு என்ன பேச்சு இது?"

"தப்பா நெனைக்காதீங்க அண்ணி. வாழ்நாளெல்லாம் ஒரு நூல் பிசகாது, ஒரு நூல் பிசகாதுன்னு சொல்லியே என் வாயை அடைச்சான். இது தப்புன்னா என் கால்சட்டையும் தப்புதானே? எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நாளைக்கு நாலு பேர் வருவாங்க. அவங்ககிட்ட ஒரே ஒரு தடவை சொல்லிட்டா எனக்கு மனசு ஆறிடும்."

"எப்படி சித்தப்பா கண்டுபிடிக்கிறது? இப்ப போய்…" என்று ஆசிரியை தடுக்க முயன்றாள்.

"என்னை அளக்கட்டும். நூத்தி எழுபத்திரண்டு வந்துச்சுன்னா ஸ்கேல் சரி. நான் வாயைத் திறக்க மாட்டேன். வரலேன்னா பாப்பா, நீதான் கணக்கு டீச்சர், நீயே தீர்ப்புச் சொல்லு."

இவ்வாறு கூறிவிட்டு, கட்டிலை ஒட்டித் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி மார்பின்மேல் வைத்தார். கைகளை உடலோடு ஒட்டிக் கண்களை மூடினார். அண்ணன் மேலே, தம்பி கீழே. இருவரின் மூக்கும் ஒரே அச்சில் வார்த்தவை என்பது அப்போதுதான் தெரிந்தது.

செய்தி கேட்டு அந்நேரம் உள்ளே எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மாள், "ஐயையோ, இவருமா!" என்று அலறினார்.

"நான் உயிரோடதான் இருக்கேன்," என்றார் சித்தப்பா, கண்ணைத் திறவாமலே. "யாரும் என்னை அசைக்காதீங்க. அளவு மாறிடும்."

ஆசிரியைக்கு விடை முன்கூட்டியே தெரியும். நூற்று எழுபத்தாறு வரும். கோலை இரண்டு தடவை வைத்தால் நான்கு கூடும். எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். நாளை வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் சித்தப்பா அதைச் சொல்வார். நாற்பதாண்டுகள் அப்பாவிடம் துணி வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்த் தத்தம் கால்சட்டைகளை எடுத்துப் பார்ப்பார்கள். அப்பாவால் எழுந்து ஒரு பதிலும் சொல்ல முடியாது. அளவுகோலைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்துவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றிற்று. நல்ல மரம், ஒடியாது.

மீதி அளவுகோலைச் சித்தப்பாவின் தலையருகே வைத்தான். விரலை ஊன்றினான். நகர்த்தினான். பாதத்தருகே குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"நூத்தி எழுபத்தி…" என்று நிறுத்தினான்.

நிமிர்ந்து ஆசிரியையைப் பார்த்தான். கரும்பலகையின்முன் சாக்பீசோடு நின்று, விடை தெரிந்தும், சொல்லலாமா என்று அனுமதி கேட்கும் பார்வை அது. அவள் தலையசைத்தாளா, இல்லையா என்று அவளுக்கே தெரியாது.

"…ரெண்டு."

"என்ன?"

"நூத்தி எழுபத்திரண்டு ஐயா. லைசென்ஸ்ல போட்டிருக்கிற மாதிரியே."

"நல்லாப் பார்த்தியா?"

"நல்லாப் பார்த்தேன். ஒரு நூல் பிசகாது."

சித்தப்பா கண்களைத் திறந்தார். எழுந்திருக்கவில்லை. கூரையைப் பார்த்தபடி சற்று நேரம் கிடந்தார்.

"அப்ப அண்ணன்தான் உசரமா?"

மீதி அளவுகோலைச் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

"இத்தனை வருஷமா அவனைக் கட்டையாண்டின்னு கூப்பிட்டிருக்கேன். ஒரு நாள்கூட, இல்லடா, நான்தான் உசரம்னு அவன் சொன்னதில்லையே அண்ணி."

சொல்லிவிட்டு முகத்தைக் கட்டிலின் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அவரது தோள்கள் குலுங்கின. மார்பிலிருந்த கண்ணாடி சரிந்து தரையில் விழுந்தது. அம்மா எழுந்துவந்து அதை எடுத்துத் தன் புடவையில் துடைத்தாள்.

"எந்திரிங்க தம்பி. தரை ஜில்லுனு இருக்கு," என்றாள்.

மீதி புறப்படும்போது ஆசிரியை வாசல்வரை போனாள். அவளது கண் அவனது குறிப்பேட்டில் விழுந்தது. பக்கத்தின் நடுவே, கோணலான அதே பழைய கையெழுத்தில், மேலே 174 என்றும், அதன்கீழே கழித்தல் குறியிட்டு 4 என்றும், கோடு போட்டு 170 என்றும் எழுதி, விடையைச் சுற்றி ஒரு வட்டம் இட்டிருந்தான்.

அவளது கை, அவளைக் கேளாமலே, கைப்பைக்குள் போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்தது. வட்டத்தின் பக்கத்தில் ஒரு 'சரி' குறியிட்டாள். மீதி அதைப் பார்த்துவிட்டு, உலர்வதற்காகக் குறிப்பேட்டை மூடாமலே எடுத்துப் போனான்.

சமையலறையில் அம்மா தேநீர் வைத்துக்கொண்டிருந்தாள். ஆசிரியை கோப்பைகளை எடுத்து வைத்தாள். பழக்கத்தால் நான்கு எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப வைத்தாள்.

"அந்தப் பையன் உன்கிட்ட படிச்சவனா?"

"ஆமாம்மா."

"தெரியுது. சித்தப்பாவுக்கு மட்டும் நாலைக் கழிச்சிட்டான்."

"அம்மா! உனக்குத் தெரியுமா? எப்பலேருந்து?"

"உனக்கு எப்பலேருந்து?"

"முதல் நாளே தெரியும்."

"எனக்கு அதுக்கு முந்தின நாளே தெரியும்," என்றாள் அம்மா. "டேப்போட நுனியில இருந்த தகடு பேர்ந்து தலையணை உறையெல்லாம் கிழிச்சிட்டே இருந்துச்சு. ரெண்டு சென்டிமீட்டர்தானேன்னு கத்தரியால நறுக்கி எறிஞ்சிட்டேன். அதை எடுத்து அவர் ஸ்கேல் செய்வார்னு யார் கண்டா? சொல்லணும்னுதான் கொல்லைப்பக்கம் போனேன். அதுக்குள்ள பெயிண்ட் அடிச்சு முடிச்சிட்டு, மூக்குல சிவப்பு ஒட்டியிருக்கறதுகூடத் தெரியாம, 'எப்படி?'ன்னார்."

"நீ என்ன சொன்னே?"

"நீ சொன்னதைத்தான்."

தேநீர் பொங்கி வந்தது. அம்மா அடுப்பைத் தணித்தாள். மூக்கில் சிவப்பு என்று தான் சொன்னது அவளுக்கே அப்போதுதான் உறைத்ததுபோலும்; சற்று நேரம் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"சித்தப்பாவுக்குச் சர்க்கரை தூக்கலாப் போடு," என்றாள் பிறகு. "இன்னிக்கு அவருக்கு ரெண்டு நஷ்டம்."

மறுநாள் பெட்டி வந்தது. அப்பா அதில் கனகச்சிதமாகப் படுத்திருந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் சித்தப்பாவே போய், "பார்த்தீங்களா, எப்படிப் பொருந்தியிருக்குன்னு? அண்ணன் தன் கையால செஞ்ச ஸ்கேல்ல அளந்தது. நானே படுத்துச் சோதிச்சுப் பார்த்தேன். ஒரு நூல் பிசகல," என்றார். "என் கல்யாணத்துக்குக்கூட அவன்தான் துணி அளந்தான். துணி சரிதான். எனக்கு அப்ப கால் வளர்ற வயசு." முப்பத்துநான்கு வயதில் கால் வளருமா என்று அங்கே எவரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ஆசிரியை போட்டாள், விடையை மட்டும் சொல்லவில்லை. மீதி பின்வரிசையில், புதுச் சட்டையின் எல்லாப் பொத்தான்களையும் போட்டுக்கொண்டு நின்றிருந்தான்.

பத்து நாள் கழித்து வண்டிக்காரர் மூன்று குவியல்களையும் புதுப் பள்ளியில் இறக்கினார். அலமாரி, ஆசிரியர் அறையின் மூலையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அலுவலக உதவியாளர் சாவிக்கொத்தோடு வந்து திறந்துவிட்டார். அவளது கையிலிருந்ததைப் பார்த்ததும் நாக்கால் 'ச்சு' கொட்டினார்.

"மீட்டர் ஸ்கேல் உள்ள போகாது டீச்சர். ஒரு மீட்டருங்கறது வெளி அளவு. ரெண்டு பக்கமும் பலகை இருக்கில்ல? போன வருஷம் வந்த கணக்கு சார் கேட்காம அழுத்தித் தள்ளினார். கதவே பேர்ந்துபோச்சு. சுவத்துல ஆணி அடிக்கவும் இங்க அனுமதி இல்ல. வெளியே குடை ஸ்டாண்டுல வச்சிடுங்க."

"ஒரு தடவை வச்சுப் பார்க்கிறேன்."

"வச்சுப் பாருங்க. போகாது."

அவள் மேல்தட்டில் அளவுகோலின் ஒரு முனையை இடப்பக்கப் பலகையோடு பொருத்தினாள். மறுமுனையை உள்ளங்கையால் மெல்லத் தள்ளினாள். மரம் மரத்தை உரசி, 'டக்' என்று ஓர் ஒலி எழுப்பிவிட்டு உட்கார்ந்தது. இடப்பக்கம் தாள் நுழைய இடமில்லை, வலப்பக்கமும் இல்லை.

உதவியாளர் அருகே வந்தார். நூறு என்று சிவப்பில் எழுதியிருந்ததைப் படித்தார். அலமாரியைப் படித்தார். மறுபடியும் நூறைப் படித்தார்.

"இது எப்படிப் போச்சு?"

"அலமாரி செஞ்சவர் அளவு சரியாத்தான் இருக்கு," என்றாள் ஆசிரியை.

உதவியாளர் கதவின் கீல்களை ஆட்டிப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே போனார். அவள் நாற்பத்தொரு கூம்புகளையும் ஒன்றனுள் ஒன்றாகச் செருகி, ஒரே கூம்பாக்கிக் கீழ்த்தட்டில் நிறுத்தினாள். பகடைப் பையை அதன் பக்கத்தில் வைத்தாள். பொய்மீசைக்கும் இடம் இருந்தது. முதல் மணி அடித்தது. சாக்பீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து, மீண்டும் திறந்து பார்த்தாள். அது அசையாமல் அங்கேயே படுத்திருந்தது, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை.